காற்றாலை வேலையில் இருந்துகொண்டே எம்.டெக்.: தொலைநிலையில் படித்தால் பட்டம் செல்லுமா?

பணகுடிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2015-இல் மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவில் பி.இ. முடித்தேன். அன்றிலிருந்து பழவூர், ஆரல்வாய்மொழிப் பக்கமுள்ள காற்றாலைகளின் பராமரிப்பில் இருக்கிறேன். கோபுரத்தில் ஏறி, உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூடான நாசெல்லுக்குள் குனிந்து நின்று கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய காலம் போய், இப்போது கன்வர்ட்டர், கட்டுப்பாட்டு அமைப்பு, மின்தொகுப்பு இணைப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கல்லூரியில் படித்தது இந்த வேலைக்குப் போதவில்லை என்பது தினமும் தெரிகிறது. எம்.டெக். முடித்தவர்களுக்குத்தான் வடிவமைப்புப் பிரிவுக்கு மாற வாய்ப்பு என்று நிறுவனத்திலும் சொல்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். மகன் எல்கேஜி போகிறான். வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை எங்களுக்குக் காற்றுக் காலம். அந்த மாதங்களில் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் உரிமையாளருக்கு நட்டம் என்பதால், நள்ளிரவானாலும் சைட்டில் போய் நின்றாக வேண்டும்.

சென்ற வாரம் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு கல்வி மையத்தில் விசாரித்தேன். தொலைநிலைக் கல்வியில் எம்.டெக். இருக்கிறது, வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பதினெட்டு மாதத்தில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும், மொத்தம் தொண்ணூறாயிரம் ரூபாய் என்றார்கள். இப்படிப் படித்தால் பட்டம் செல்லுமா? இல்லையென்றால் என்னைப் போன்றவனுக்கு வேறு என்ன வழி?

கங்கைகொண்டான் ஷிப்ட் எழுதியது:

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா, தம்பி? கொடுக்கவில்லையென்றால் அந்தப் பக்கமே இனிப் போக வேண்டாம். விவரமாக இரவு எழுதுகிறேன்.

பாளை ஆசிரியை எழுதியது:

பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ஆண்டுக்குப் பத்துப் பேராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் பொறியியலைத் தொலைநிலைக் கல்வியாக நடத்த அனுமதி கிடையாது. திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், பொறியியலையும் மருத்துவத்தையும் செவிலியர் படிப்பையும் இன்னும் சில தொழில் படிப்புகளையும் அந்த முறையில் நடத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. பி.இ.-க்கு மட்டும்தான் தடை, எம்.டெக்.-க்கு இல்லை என்று சில மையங்கள் சொல்வது தவறு.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், எம்.பி.ஏ., எம்.சி.ஏ. ஆகிய இரண்டையும் உரிய ஒப்புதலோடு தொலைநிலையில் நடத்தலாம். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்வி அனுமதி இருக்கும். அந்தக் கடிதத்தின் நகலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். நாமும் அதைப் பார்த்துவிட்டு அங்கே சொல்லப்படும் எல்லாப் படிப்புக்கும் அதுவே அனுமதி என்று நம்பிவிடுவோம். அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. படிப்பு வாரியாக, கல்வியாண்டு வாரியாகக் கொடுக்கப்படுகிறது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் உள்ள பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். மையத்துக்காரர் தம் கைபேசியில் காட்டும் பக்கத்தை நம்ப வேண்டாம்.

அம்பை வாசகன் எழுதியது:

ஆசிரியை எழுதியதை வாழ்ந்து பார்த்தவன் நான் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ முடித்து வேலையில் இருந்தபோது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலையில் பி.டெக். சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் நேர்முக வகுப்பு என்றார்கள். அந்தப் பத்து நாளில் ஆய்வகம் என்று ஒரு அறையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பட்டம் வந்தது, அதை வைத்துப் பதவி உயர்வும் வந்தது. ஊரில் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம்.

2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் ஒப்புதல் இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களைப் பற்றிய வழக்கு அது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் தேறினால் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், தேறாவிட்டால் பட்டமும் அதனால் கிடைத்த பலன்களும் போய்விடும். அதன் பிறகு சேர்ந்தவர்களுடைய பட்டங்கள் ரத்து. நான் முதல் வகையில் வந்தேன். தேர்வு 2018 ஜூனில் நடந்தது. நாற்பத்து மூன்று வயதில், மகளின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு தொகையிடலை முதலிலிருந்து படித்தேன். தேறிவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இரண்டாவது வகையில் போய்விட்டார். அவருக்குத் தேர்வு எழுதும் வாய்ப்பே இல்லை.

தம்பி, நான் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது அதை யாரும் போலி என்று சொல்லவில்லை. செய்தித்தாளில் அரைப்பக்க விளம்பரம் வந்தது, அலுவலகத்தில் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு காகிதம் செல்லாது என்று ஆனபோது, விளம்பரம் கொடுத்தவர்களையும் பதிவேட்டில் ஏற்றியவர்களையும் தேடிப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

பாபநாசம் ஓய்வு எழுதியது:

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் வேலையில் இருப்பவன் பொறியாளர் ஆவதற்கு ஏஎம்ஐஇ என்ற ஒரு வழி இருந்தது. 1920-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் தேர்வு அது. கல்லூரியும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. ‘அ’ பிரிவு, ‘ஆ’ பிரிவு என்று தாள் தாளாக எழுதித் தேற வேண்டும். நீர்மின் நிலையத்தில் இரவு ஷிப்டில் மணிக்கொரு முறை மீட்டர் குறித்துவிட்டு, இடைவெளியில் படித்து, எட்டு ஆண்டில் முடித்தேன். அதில் தேறியவனை எந்த அலுவலகத்திலும் பி.இ.-க்குக் குறைவாக யாரும் பார்த்ததில்லை.

இன்று அந்த வழியும் பழைய மாதிரி இல்லை. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அதைப் பட்டத்துக்குச் சமமாக மத்திய அரசு ஏற்கும் என்று ஆகிவிட்டது. ஆகவே யாராவது ஏஎம்ஐஇ சேருங்கள் என்றால், அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பணகுடிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. அம்பை அண்ணாச்சி எழுதியதைப் படித்த பிறகு கொடுக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். தொலைநிலையில் பொறியியல் கூடாது என்றால், பிட்ஸ் பிலானியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கிறேன் என்று என் நண்பன் சொல்கிறானே, ஐஐடிகளும் இணையத்தில் முதுநிலைப் படிப்பு என்று அறிவிக்கின்றனவே, அவையெல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றன?

கங்கைகொண்டான் ஷிப்ட் எழுதியது:

இரவு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று இரவு கழித்து வருகிறேன், ஷிப்ட் மாறிவிட்டது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் படித்தது நீங்கள் கேட்ட பிட்ஸ் பிலானியின் பணியுடன் இணைந்த படிப்புத்தான். அந்தப் பிரிவை அவர்கள் 1979 முதல் நடத்துகிறார்கள்.

அதை அஞ்சல்வழிக் கல்வி என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே அடி விழும். வேலையில் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. நிறுவனத்தின் ஒப்புதலும், நம்மை அறிந்த மூத்த அதிகாரி ஒருவர் வழிகாட்டியாக இருக்கச் சம்மதிப்பதும் வேண்டும். வகுப்புகள் வார இறுதியிலும் வேலை முடிந்த நேரத்திலும் இணையத்தில் நேரலையாக நடக்கும். நான்கு செமஸ்டர், கடைசியில் நாம் வேலை பார்க்கும் இடத்துச் சிக்கல் ஒன்றையே எடுத்து ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் ஆலையில் ஒரு கம்ப்ரஸர் வீணாகக் குடிக்கும் மின்சாரத்தைப் பற்றி எழுதினேன். அந்த ஆறு மாதத்தில் கற்றது, முந்தைய மூன்று செமஸ்டரில் கற்றதைவிட அதிகம். கட்டணம் மொத்தமாக இரண்டு இலட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. நான் எழுதி வைத்திருந்த கணக்குப்படி வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் ஆனது. இது என் கணக்கு. கணிதம் மறக்காதவருக்குக் குறையலாம்.

இன்னொன்று. என் முந்தைய நிறுவனம் கட்டணத்தில் பாதியைக் கொடுத்தது. கொடுக்கும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது. படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பதை நான் மூன்றாம் பக்கத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன். விலகியபோது அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன். பத்திரம் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நாள் வைத்திருந்து படியுங்கள்.

பாளை ஆசிரியை எழுதியது:

பணகுடிக்காரரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தின் கண்ணில் தொலைநிலை வேறு, பணியுடன் இணைந்த கல்வி வேறு, பகுதிநேரம் வேறு. கங்கைகொண்டான்காரர் எழுதியதில் நேரலை வகுப்பு இருக்கிறது, தேர்வு இருக்கிறது, வேலையிடமே ஆய்வகமாக இருக்கிறது. தபாலில் வரும் புத்தகத்தோடு முடிந்துபோகும் படிப்பு அப்படிப்பட்டதல்ல.

ஐஐடிகளின் அறிவிப்புகளைப் படிக்கும்போது பட்டத்தின் பெயரை எழுத்தெண்ணிப் படியுங்கள். ஐஐடி கான்பூரின் இமாஸ்டர்ஸ் படிப்புக்கு, முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் மதிப்பெண் தேவையில்லை, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் பெயர் எம்.டெக். அல்ல. ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு பி.எஸ்.; அது பி.டெக். அல்ல. அதே ஐஐடி மெட்ராஸ் வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்கென்று இணையவழி எம்.டெக்.-கும் தனியாக நடத்துகிறது. மூன்றும் நல்ல படிப்புகள்தாம். ஆனால் உங்கள் நிறுவனத்தின் விதியில் ‘எம்.இ. அல்லது எம்.டெக்.’ என்று அச்சாகியிருந்தால், நல்ல படிப்பு என்பது மட்டும் உதவாது.

ஆகவே சேரும் முன் நிறுவனத்தின் பணியாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். கற்பிக்கும் பணிக்கான தகுதி விதிகள் இன்னும் கடுமையானவை.

தென்காசித் தட்டச்சு எழுதியது:

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். தென்காசிப் பக்கம் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நடத்தும் இணையவழிக் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். 2014 ஜனவரியில் தொடங்கிய படிப்பு. மொத்தக் கட்டணம் ஏழாயிரம் டாலருக்குள் என்று அறிவித்து அங்குள்ள பல்கலைக்கழகங்களையே திகைக்க வைத்தார்கள். பத்துப் பாடங்கள், வளாகத்தில் படித்தவருக்கும் எனக்கும் ஒரே பட்டம்.

சேர்வது எளிது, தங்குவது கடினம். தொடக்கத்திலேயே அடிப்படைப் பாடங்கள் இரண்டில் ‘பி’ தரம் வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் வெளியேற்றிவிடுவார்கள். ஒப்படைப்புகளுக்கு ‘உலகின் எந்த மூலையிலும் ஞாயிறு முடியும் வரை’ என்று கெடு வைக்கும் பாடங்கள் உண்டு. நம் கடிகாரத்தில் அது திங்கள் மாலை ஐந்தரை மணி. அலுவலகத்தில் கூட்டம் நடக்கும் நேரமும் அதுதான் என்பது என் தலையெழுத்து.

ஆசிரியை சொன்ன ஆய்வக விஷயத்தை ஒட்டி ஒன்று. அமெரிக்காவில் பொறியியலைத் தொலைவிலிருந்து கற்பிக்கும் வழக்கம் இணையத்தோடு வந்ததல்ல. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 1967-லேயே முதுநிலை வகுப்புகளை வீடியோ நாடாவில் பதிந்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது. 1984-இல் நேஷனல் டெக்னலாஜிக்கல் யுனிவர்சிட்டி தொடங்கி, வகுப்புகளைச் செயற்கைக்கோள் வழியாக நிறுவனங்களுக்கு ஒளிபரப்பினார்கள். கவனித்தால் இவையெல்லாம் வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்கான முதுநிலைப் படிப்புகள். பி.இ. மாணவனுக்குத் தொலைவிலிருந்து ஆய்வகம் கொடுப்பது கடினம். பணகுடிக்காரருக்கோ பழவூரில் ஆயிரம் கிலோவாட் ஆய்வகம் கோபுரத்தின் மேலேயே இருக்கிறது.

மற்றபடி, வெளிநாட்டுப் பட்டத்தை அரசு வேலைக்கோ உயர்கல்விக்கோ இங்கே பயன்படுத்த வேண்டுமென்றால் சமநிலைச் சான்று கேட்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுபவர் பணம் கட்டும் முன்னரே விசாரிக்க வேண்டும்.

கயத்தாறு எழுதியது:

எனக்கு இந்த இழையில் ஒரு மறுப்பு உண்டு. கன்வர்ட்டரைக் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் எதற்கு எம்.டெக்.? ஐஐடிகளும் ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் பவர் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்புகள் முழுவதும் இலவசமாகக் கிடக்கின்றன. ஆயிரம் ரூபாய் கட்டித் தேர்வெழுதினால் சான்றிதழும் உண்டு. இரண்டு இலட்சத்தை மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குப் போடலாம்.

கங்கைகொண்டான் ஷிப்ட் எழுதியது:

கயத்தாறு அண்ணாச்சி, அந்த வகுப்புகளை நானும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நான்காவது காணொளியைத் தாண்டியதில்லை.

நாங்குநேரி மாலைவகுப்பு எழுதியது:

இதுவரை யாரும் பகுதிநேரப் படிப்பைப் பற்றி எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். டிப்ளமோ முடித்து வேலை பார்த்துக்கொண்டே, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்து பி.இ. முடித்தவள் நான். மூன்றரை ஆண்டு, ஏழு செமஸ்டர். வேலை முடிந்து பேருந்து பிடித்து வகுப்புக்குப் போய், வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் நாங்குநேரி வண்டிக்கு நின்று, வீடு சேரப் பத்தரை ஆகும். இட்லியை மூடி வைத்துவிட்டு என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

முதுநிலையிலும் அண்ணா பல்கலைக்கழக முறையில் பகுதிநேர எம்.இ. உண்டு, ஆறு செமஸ்டர். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், அது இதில் பெரிய நிம்மதி. ஆனால் பணகுடியிலிருந்து தினமும் மாலை திருநெல்வேலி வந்து திரும்புவது, அதுவும் காற்றுக் காலத்தில், உங்கள் வேலைக்கு ஒத்துவராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பதிவில் மனைவியின் கருத்து என்ன என்று எழுதவில்லை. வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் என்று மேலே ஒரு அண்ணன் கணக்குப் போட்டார். அந்தப் பதினான்கு மணி நேரமும் பிள்ளையை யார் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்கு யார் போவது என்ற கணக்கையும் அதே தாளில் எழுதுங்கள். நான் படித்த மூன்றரை ஆண்டில் என் கணவர் சமையல் கற்றுக்கொண்டார். அது அவருக்குக் கிடைத்த பட்டம்.

பாபநாசம் ஓய்வு எழுதியது:

மகள் எழுதியது சரி. நான் எட்டு ஆண்டு படித்தேன் என்று பெருமையாக மேலே எழுதினேன். அந்த எட்டு ஆண்டும் வீட்டை யார் சுமந்தார்கள் என்று எழுதவில்லை. படித்துக் காட்டியதும் வீட்டம்மா அதைச் சுட்டிக்காட்டிவிட்டாள்.

கயத்தாறு, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடப்பதைப் படிக்காமல் விடுவது சோம்பலால் மட்டும் அல்ல. தேதி குறித்துத் தேர்வு வைத்து, தேறாவிட்டால் நாலு பேருக்குத் தெரியும் என்ற பயம் இல்லாமல் நான் ஒரு தாள்கூட எழுதியிருக்க மாட்டேன்.

கயத்தாறு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனாலும் முதலில் ஆயிரம் ரூபாயில் தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் இலட்சத்தில் இறங்குவதில் தவறில்லையே. ஜனவரியில் தொடங்கும் பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு ஏப்ரலில் தேர்வு முடிந்துவிடும். வைகாசிக் காற்றுக்கு முன்னால் வேலை ஓய்ந்துவிடும். வாராந்திர ஒப்படைப்புக்குக் கால் பங்கு, நேரில் எழுதும் தேர்வுக்கு முக்கால் பங்கு மதிப்பெண். பன்னிரண்டு வாரமும் தவறாமல் ஒப்படைக்க முடிகிறதா என்று பார்த்தாலே இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்பது தெரிந்துவிடும்.

பாளை ஆசிரியை எழுதியது:

இது நல்ல யோசனை. கூடவே பொறியியல் கணிதம் ஒன்றையும் எடுங்கள். பத்து ஆண்டு இடைவெளியில் முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

பணகுடிக்காரன் எழுதியது:

சித்திரை பிறந்துவிட்டது, இழையைத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. நடந்ததைத் தெரிவிப்பது கடமை.

பணியாளர் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு முறை நினைவூட்டிய பிறகு பதில் வந்தது. எம்.இ. அல்லது எம்.டெக். என்று பட்டத்தில் இருக்க வேண்டும், தொலைநிலை என்று குறிப்பிட்டிருந்தால் ஏற்பதற்கில்லை, பணியுடன் இணைந்த படிப்பு என்றால் துறைத் தலைவரின் முன்அனுமதியோடு ஏற்கப்படும் என்று எழுத்திலேயே இருக்கிறது. அச்செடுத்து வைத்துக்கொண்டேன். வழிகாட்டியாக இருக்க எங்கள் மேலாளர் சம்மதித்துவிட்டார். கட்டண உதவியை நான் கேட்கவில்லை. பத்திரத்தின் மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது.

ஜனவரியில் பவர் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தேன். பன்னிரண்டு ஒப்படைப்பில் பத்து ஒழுங்காகப் போனது. ஒன்று கோபுரத்தின் மேல் இருந்ததால் தவறியது, இன்னொன்று மகனுக்குக் காய்ச்சல். கணிதப் பாடம் எடுக்கவில்லை, ஆசிரியை மன்னிக்க வேண்டும். தேர்வு அடுத்த ஞாயிறு. என் மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: எம்.டெக். சேர்வதானால், காற்றுக் காலத்தில் விழும் செமஸ்டரில் குறைந்த அளவு பாடங்கள் எடுக்க முடியுமா என்று முதலில் கேட்டுச் சொல்ல வேண்டும். கங்கைகொண்டான் அண்ணாச்சி, உங்கள் அனுபவத்தில் அது முடியுமா?

கங்கைகொண்டான் ஷிப்ட் எழுதியது:

என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் அப்படிப் பாடங்களைத் தள்ளிப்போட்டுப் படித்து எனக்கு ஓராண்டு பின்னால் முடித்தார். ஆனால் உங்கள் பிரிவுக்கும் ஆண்டுக்கும் என்ன விதி என்பதைச் சேர்க்கைப் பிரிவிடம் நேராகக் கேளுங்கள். அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி. ஞாயிற்றுக்கிழமை தேர்வை முதலில் எழுதிவிட்டு வாருங்கள். அசல் அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள், கைபேசியில் இருக்கும் படத்தைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.